விலை ஏறும்போது எதைக் குறைப்பது?

வெங்காயம் விலை ஏறுகிறது. எண்ணெய் விலை ஏறுகிறது. பருப்பு விலையும் ஏறுகிறது. கூலி மட்டும் அப்படியே நிற்கிறது. என்ன செய்வது?

"வாங்குவதைக் குறைக்க வேண்டியதுதான்" என்று பலர் சொல்வார்கள். சரி. எதைக் குறைப்பது? யாருக்குக் குறைப்பது? இதைத்தான் யோசிக்க வேண்டும்.

நூறு ரூபாயில் எவ்வளவு?

2022-23ஆம் ஆண்டில் இந்திய அரசு குடும்பச் செலவுகளைக் கணக்கெடுத்தது. கிராமத்துக் குடும்பம் செலவழிக்கும் 100 ரூபாயில் சுமார் 46 ரூபாய் உணவுக்குப் போகிறது. நகரத்தில் சுமார் 39 ரூபாய் போகிறது. இது சராசரிக் கணக்கு. ஏழை வீட்டில் உணவின் பங்கு இன்னும் அதிகம்.

உணவுப் பொருள் விலை பத்தில் ஒரு பங்கு ஏறினால் என்ன ஆகும்? 46 ரூபாய்ச் சாமான் 50 ரூபாய்க்கு மேல் ஆகிவிடும். அந்த அதிகப்படி ரூபாய் எங்கிருந்து வரும்? மருந்துச் செலவிலிருந்து வரலாம். கடனிலிருந்து வரலாம். இல்லாவிட்டால் சாப்பாட்டுத் தட்டிலிருந்துதான் வரும்.

யார் தட்டு குறைகிறது?

பல வீடுகளில் இதை யாரும் உட்கார்ந்து முடிவு செய்வதில்லை. தானாகவே நடக்கிறது. முதலில் பருப்பு தண்ணீர் ஆகிறது. பிறகு காய் குறைகிறது. எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சியதைப் பெண் சாப்பிடுகிறாள்.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு ஒரு செய்தியைச் சொல்கிறது. 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100 பேருக்கு 57 பேர் இரத்தசோகை உள்ளவர்கள். இவர்கள் தட்டில் இன்னும் குறைக்க இடம் இல்லை.

விலை ஏன் ஏறுகிறது?

வெங்காயத்தைப் பார்ப்போம். மராட்டிய மாநிலம் நாசிக் மாவட்டத்தில் வெங்காயம் நிறைய விளைகிறது. அங்கே ஏப்ரல், மே மாதங்களில் அறுவடை செய்த வெங்காயத்தைச் சேமித்து வைத்து விற்கிறார்கள். செப்டம்பர் வாக்கில் இருப்பு குறைகிறது. அடுத்த வெங்காயம் அக்டோபருக்குப் பிறகுதான் அதிகம் வரும். இடையில் பெருமழை பெய்து பயிர் அழுகினால் விலை பறக்கும். 2019இல் அப்படித்தான் நடந்தது. அந்த டிசம்பரில் பல நகரங்களில் ஒரு கிலோ 100 ரூபாயைத் தாண்டியது.

எண்ணெய் கதை வேறு. நாட்டுக்குத் தேவையான சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் மூண்டது. சூரியகாந்தி எண்ணெய் வரத்து குறைந்தது. ஏப்ரலில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரம் நிறுத்தியது. எங்கோ நடந்தது. விலை நம் ஊர்க் கடையில் ஏறியது.

எதைக் குறைக்கலாம்?

வெங்காய விலை புது அறுவடை வந்தால் இறங்கும். அதுவரை பாதி வெங்காயம் போட்டுச் சமைக்கலாம். உடம்பு கெடாது. எண்ணெயைக் கரண்டியால் அளந்து ஊற்றலாம். பாக்கெட் தின்பண்டம், குளிர்பானம், பீடி, சாராயம் ஆகியவற்றைத்தான் முதலில் குறைக்க வேண்டும்.

பருப்பைக் குறைக்கக் கூடாது. மாற்றிக்கொள்ளலாம். துவரம் பருப்பு விலை ஏறினால் பச்சைப் பயறு, தட்டைப் பயறு, கொள்ளு, கடலை என்று எது மலிவோ அதை வாங்கலாம். எல்லாவற்றிலும் புரதச் சத்து உண்டு. முருங்கைக் கீரை, பூசணி, பப்பாளி ஆகியவற்றை வீட்டுப் பக்கத்திலேயே வளர்க்கலாம்.

பொட்டலத்தைப் படியுங்கள்

பொட்டலத்தில் எடையும் அதிகபட்ச விலையும் அச்சிட்டிருக்க வேண்டும். இது சட்டம். வரியும் அந்த விலைக்குள் அடக்கம். அதற்கு மேல் கேட்டால் கொடுக்க வேண்டாம். 1915 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் புகார் சொல்லலாம்.

எடையையும் பாருங்கள். சில சமயம் விலை அதே பத்து ரூபாயாக இருக்கும். உள்ளே இருக்கும் சாமான் குறைந்திருக்கும்.

ஒரு கணக்கு. ஒரு கடையில் கால் கிலோ பருப்பு 45 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ 160 ரூபாய். நான்கு முறை கால் கிலோ வாங்கினால் 180 ரூபாய் ஆகிறது. 20 ரூபாய் நட்டம். அன்றாடக் கூலி வாங்குபவர் ஒரே நாளில் 160 ரூபாய்க்கு எங்கே போவார்? நான்கு வீட்டுப் பெண்கள் சேர்ந்து ஒரு கிலோ வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளலாம். சுய உதவிக் குழுவும் இதைச் செய்யலாம்.

உரிமையை விடாதீர்கள்

2013இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முன்னுரிமைக் குடும்ப அட்டையில் ஒருவருக்கு மாதம் 5 கிலோ தானியம் உண்டு. அந்தியோதயா அட்டைக்குக் குடும்பத்துக்கு 35 கிலோ உண்டு. 2023 ஜனவரி முதல் இந்தத் தானியம் இலவசம். பீகாரிலிருந்து கேரளத்துக்கு வேலைக்குப் போனவரும் தன் பங்கை அங்கேயே ரேஷன் கடையில் வாங்கலாம். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் அங்கன்வாடியில் சத்துணவு உண்டு.

எழுதி வையுங்கள்

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது பழமொழி. ஒரு நோட்டு போதும். தேதி, சாமான், எடை, விலை என்று நான்கு கோடு போடுங்கள். கடையில் பற்று வைத்து வாங்கினால் அதையும் அன்றே எழுதுங்கள். மாதக் கடைசியில் கடைக்காரர் சொல்லும் தொகையோடு ஒத்துப் பாருங்கள்.

மாதம் முடிந்ததும் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து நோட்டைப் படியுங்கள். எதைக் குறைப்பது என்று சேர்ந்து முடிவு செய்யுங்கள். அப்போது ஒருவர் தட்டு மட்டும் சத்தமில்லாமல் குறையாது.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் வீட்டில் 100 ரூபாயில் உணவுக்கு எவ்வளவு போகிறது?
2. போன மாதம் எந்தச் சாமானைக் குறைத்தீர்கள்? யார் முடிவு செய்தார்கள்?
3. வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார்? அவருக்குப் பருப்பு மிஞ்சுகிறதா?