ஓடாமலே கெடுது என்ஜின்! பழைய கார்க்காரர்களே உஷார்!
"கிலோ மீட்டர் ஏறலையே" என்று ஆயில் மாற்றாமல் விட்டால் ஆபத்து

ஆம்பூர்,

"வண்டி வருஷத்துக்கு ஆயிரம் கிலோ மீட்டர்கூட ஓடலை. இதுக்குப் போய் ஆயில் மாத்தணுமாப்பா?"

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் பழைய கார் வைத்திருப்பவர்கள் மெக்கானிக்கிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

"நிக்கிற வண்டிக்குத்தான் பாய் ஆயில் முக்கியம்" என்பது விவரம் தெரிந்த மெக்கானிக்கின் பதில்.

கேட்டால் வேடிக்கையாக இருக்கும். ஆனால் அதுதான் உண்மை!

போனால் வராது

தோல் மண்டி முதலாளி வீட்டு வாசலில் அம்பாசிடர் நின்றால் அது ஒரு தனி கவுரவம். டாக்டர் வீட்டில் பியட். வக்கீல் வீட்டில் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அது ஒரு காலம்.

அம்பாசிடர் தயாரிப்பு 2014-ம் ஆண்டு மே மாதம் மேற்கு வங்காளத்தின் உத்தர்பாரா தொழிற்சாலையில் நின்று போனது. பியட் என்று எல்லோரும் சொல்லும் பிரிமியர் பத்மினி அதற்கு முன்பே நின்றுவிட்டது.

இன்று இந்த வண்டிகள் கொட்டகையில் துணி போர்த்தி நிற்கின்றன. வெள்ளிக்கிழமை தொழுகைக்கு, கல்யாண வீட்டுக்கு, எப்போதாவது பஜாருக்கு. ஒரு தடவைக்கு 2 கிலோ மீட்டர், 3 கிலோ மீட்டர். அவ்வளவுதான்.

அப்பா வைத்திருந்த வண்டி என்று ஆசையாகப் பாதுகாப்பார்கள். தினமும் துடைத்து பளபளவென்று வைப்பார்கள். உள்ளே என்ஜின் அரித்துக் கொண்டிருக்கும்!

ஒரு லிட்டருக்கு ஒரு லிட்டர்

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. நம்ப முடியாது, ஆனால் கணக்கு அப்படி. பெரும்பகுதி புகையோடு சைலன்சர் வழியாகப் போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங் சந்து வழியாகக் கீழே இறங்கி ஆயில் சம்ப்பில் சேரும்.

இட்லிப் பானை மூடியைத் திறந்தால் உள்பக்கம் தண்ணீர் முத்து முத்தாக நிற்குமே, அதே கதைதான் என்ஜினுக்குள்ளும்.

வண்டி நீண்ட தூரம் ஓடினால் ஆயில் நன்றாகச் சூடேறி இந்தத் தண்ணீர் ஆவியாகி வெளியேறிவிடும். மசூதி வரை போய் திரும்பினால் சூடு ஏறுவதற்குள் சாவியைத் திருப்பி விடுகிறோம். தண்ணீர் உள்ளேயே தங்கும். எரியாத பெட்ரோலும் கூடச் சேரும்.

இரண்டும் ஆயிலோடு கலந்து புளித்து அமிலமாகிறது. பேரிங்கை அரிக்கிறது. சிலிண்டர் சுவரில் துரு பிடிக்கிறது. அமிலத்தை முறிக்க ஆயிலில் கலந்திருக்கும் மருந்தும் நாளாக நாளாகத் தீர்ந்து போகும். அதற்குக் கிலோ மீட்டர் கணக்குத் தெரியாது. நாள் கணக்குத்தான்!

மூடியைத் திறந்து பாருங்கள்

ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்பக்கம் வெண்ணெய் மாதிரி வெளுப்பாக ஒட்டியிருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

ரேடியேட்டரிலும் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தால் விவகாரம் வேறு. ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். உடனே மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தது நினைவிருக்கும். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் ஆயிலை மாற்றாமல் ஸ்டார்ட்டரில் கை வைக்கவே கூடாது.

எப்போது மாற்றுவது?

வருஷத்துக்கு ஒரு தடவை. 500 கிலோ மீட்டர்தான் ஓடியிருந்தாலும் சரி. சாதாரண மினரல் ஆயில் ஊற்றி நிறைய ஓட்டுகிறவர்கள் 5 ஆயிரம் கிலோ மீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. பில்டரையும் கூடவே மாற்றிவிட வேண்டும்.

ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிப் பொட்டு வைக்கிறோம். அப்போதே ஆயிலையும் மாற்றிவிட்டால் மறக்காது. மழைக்காலத்துக்கு முன்னால் புது ஆயில் உள்ளே போய்விடும். பூஜை போடாதவர்கள் அக்டோபர் முதல் வாரம் என்று காலண்டரில் குறித்துக் கொள்ளலாம்.

மாதக் கணக்கில் நிறுத்தப் போகிறீர்களா? நிறுத்துவதற்கு முன்பே மாற்றுங்கள். அழுக்கு ஆயிலோடு நிறுத்தினால் அமிலம் அத்தனை மாதமும் இரும்பைத் தின்னும்.

வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி, ஆயில் சூடாக இருக்கும்போதே இறக்க வேண்டும். அப்போதுதான் கசடும் சேர்ந்து இறங்கும்.

பத்து நிமிஷ ஸ்டார்ட் வேண்டாம்

"தினமும் ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் விடறேனே" என்பார்கள் சிலர். அது நல்லதைவிடக் கெடுதலே அதிகம். தண்ணீர் முள் ஏறிவிட்டால் ஆயிலும் சூடாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஆம்பூரில் இருந்து வாணியம்பாடி வரை நிறுத்தாமல் ஓட்டித் திரும்பினாலே போதும். ஆயில் நன்றாகக் காயும்.

ஆயிலிலும் கவனம் வேண்டும். புது காருக்கு வரும் தண்ணீர் போன்ற ஆயிலை பழைய என்ஜினில் ஊற்றக்கூடாது. 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 போன்ற கெட்டி ஆயில்தான் நம் ஊர் வெயிலுக்கும் பழைய பேரிங்குக்கும் ஏற்றது.

இப்போது பெட்ரோலில் எத்தனாலும் கலந்து வருகிறது. அது ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் ஓஸ்களையும் பதம் பார்க்கும். ஆயில் மாற்றும்போதே ஓஸ்களையும் ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்கள்.

கழிவு ஆயில் எங்கே போகுது?

ஒரு அம்பாசிடரில் இருந்து இறங்குவது சுமார் 4 லிட்டர். இதைச் சாக்கடையில் கவிழ்த்தால் அது பாலாற்றுக்குத்தான் போகும்.

பாலாறு பட்ட பாடு இந்த ஊருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தோல் கழிவு வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் சுப்ரீம் கோர்ட்டு "கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும்" என்ற கருத்தில் தீர்ப்பு அளித்தது. 2025 ஜனவரி 30-லும் பாலாறு பற்றி மீண்டும் தீர்ப்பு வந்தது.

கழிவு ஆயில் சட்டப்படி அபாயக் கழிவு. டின்னில் பிடித்து, அனுமதி பெற்ற ஆட்கள் எடுத்துப் போகும் ஒர்க்ஷாப்பில் கொடுப்பதே முறை.

15 வருஷம் முடிந்த சொந்தக் காருக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் முன் நிற்கும் நாளில் என்ஜின் இறுகிப்போனால் யாரிடம் போய்ச் சொல்வது?

ஆயில் மாற்றினால் 4 லிட்டர் ஆயில், ஒரு பில்டர், ஒரு மணி நேரம். மாற்றாவிட்டால் என்ஜினை இறக்க வேண்டும், சாமானுக்கு ஊர் ஊராக அலைய வேண்டும்.

எது லாபம்? தோல் வியாபாரம் செய்த ஊருக்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன!