கால் வளைந்த குதிரைக்குட்டி

வெளிநாட்டில் உழைக்கும் உம்மாமார் அனுப்பும் பெட்டி வந்து சேரும் நாள், மலைநாட்டில் பல வீடுகளுக்கு இன்னொரு பெருநாள். கண்டி - நுவரெலியா வீதியில் இறம்பொடை, புஸ்ஸல்லாவை, கொத்மலைப் பக்கத்து ஊர்களில் இதைக் காணாதவர்கள் குறைவு. பால்மா டின், சவர்க்காரம், போர்வை என்று ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. அவற்றுக்கு அடியில் நசுங்கிக் கிடக்கிறது, மகளுக்கென்று பார்த்துப் பார்த்து வாங்கிய பிளாஸ்டிக் குதிரைக்குட்டி. இளஞ்சிவப்பு உடல், நீண்ட பிடரி மயிர், சிலவற்றுக்கு இரண்டு சிறகுகளும் உண்டு. ஆனால் நிறுத்தினால் நிற்பதில்லை. முன்கால் உள்ளே மடிந்து, பின்கால் ஒரு பக்கம் சாய்ந்து, வைத்த இடத்திலேயே விழுகிறது. பிள்ளை அழுகிறது.

அப்போது வீட்டில் இரண்டு பேச்சு எழும். "வீசிப்போட்டு வேறொன்று வாங்கலாம்" என்பது ஒன்று. "உருவப் பொம்மைக்கு எதற்கு வைத்தியம்?" என்பது மற்றொன்று. சகோதரிகளே! இந்த இரண்டையும் மார்க்கத்தின் தராசில் வைத்துப் பார்ப்போம். பிறகு அந்தக் கால்களை நிமிர்த்தும் வழியையும் பார்ப்போம்.

சிறகுள்ள குதிரை

நபி (ஸல்) அவர்கள் தபூக் அல்லது கைபர் போரிலிருந்து திரும்பிய வேளை. அன்னை ஆயிஷா (ரழி) அவர்களின் சாமான்கள் இருந்த இடத்தில் தொங்கிய திரையைக் காற்று விலக்கியது. உள்ளே அவர்களுடைய விளையாட்டுப் பொம்மைகள் தெரிந்தன. அவற்றின் நடுவே துணித்துண்டினால் இரண்டு சிறகுகள் வைத்த குதிரை ஒன்று. குதிரைக்குச் சிறகா என்று நபியவர்கள் வினவ, ஸுலைமான் (அலை) அவர்களிடம் சிறகுள்ள குதிரைகள் இருந்ததை நீங்கள் கேள்விப்படவில்லையா என்று ஆயிஷா (ரழி) பதில் கேள்வி கேட்டார்கள். கடைவாய்ப் பற்கள் தெரியுமளவுக்கு நபியவர்கள் சிரித்தார்கள். இதை அபூதாவூதில் காணலாம்.

ஆயிஷா (ரழி) பொம்மைகளை வைத்து விளையாடுவார்கள் என்பதும், ஒளிந்துகொண்ட தோழிகளை நபியவர்களே அவர்களிடம் அனுப்பிவைப்பார்கள் என்பதும் புகாரியிலும் முஸ்லிமிலும் வந்துள்ளன. இவற்றை ஆதாரமாகக் கொண்டே பெரும்பாலான உலமாக்கள், உருவங்கள் பற்றிய தடையிலிருந்து சிறுமியரின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு விலக்களித்தார்கள். இந்த அனுமதி பின்னர் மாற்றப்பட்டது என்று கூறிய அறிஞர்களும் உண்டு. பெரும்பான்மையினரின் கருத்து அனுமதியே என்பதைக் காழீ இயாழ் அவர்களிடமிருந்து இமாம் நவவி எடுத்துக் கூறுகிறார்கள்.

ஆனால் அனுமதி பிள்ளையின் விளையாட்டுக்குத்தான். மேல்நாடுகளில் வளர்ந்தவர்களே இக்குதிரைகளை நூற்றுக்கணக்கில் சேகரித்து அலுமாரியில் அடுக்குகிறார்கள். பழையவற்றுக்குப் பெரும் விலையும் கொடுக்கிறார்கள். முழு உருவங்களைக் கண்ணாடி அலுமாரியில் அலங்காரமாக வைப்பது இந்த விலக்கில் சேராது. பிள்ளையின் கையில் இருக்க வேண்டியதை 'ஷோகேஸில்' பூட்டிவைக்கும் வழக்கம் நம் வீடுகளிலும் நுழைந்திருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கால் ஏன் வளைகிறது?

அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ கம்பனி 1981இல் கடினமான பிளாஸ்டிக்கில் ஒரு குதிரைப் பொம்மையை வெளியிட்டது. அதன் வழியில், 1980களின் முற்பகுதியிலேயே 'மை லிட்டில் போனி' என்னும் சிறிய, மென்மையான குதிரைக்குட்டிகள் வந்தன. இன்று அவற்றின் சாயலில் எத்தனையோ பொம்மைகள் சந்தையில் உள்ளன. மென்மையானவை பெரும்பாலும் பீவீசி என்னும் வைனைல் வகையினால் ஆனவை. இயல்பில் கடினமான அந்தப் பொருளை இளக்குவதற்கு எண்ணெய் போன்ற ஒரு திரவத்தைச் சேர்க்கிறார்கள். ஆகவே சூடு பட்டால் அது இளகும். இளகிய நிலையில் எதன் கீழாவது நசுங்கிக் கிடந்து ஆறினால், நசுங்கிய வடிவமே நிலைத்துவிடும். வெயிலில் கிடக்கும் பெட்டிக்குள் நடப்பது இதுதான். அதே குணம்தான் மருந்தும். மறுபடி இளக்கி, சரியான வடிவில் பிடித்து, குளிரவைத்தால் போதும்.

நிமிர்த்தும் முறை

சமையலுக்குப் பாவிக்காத ஒரு பாத்திரத்தை எடுங்கள். கடல் மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர், நுவரெலியா உயரத்தில் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். அதுவும் இந்த வேலைக்கு அதிகம். கேத்தலில் கொதித்த தண்ணீர் இரண்டு கோப்பைக்குப் பச்சைத் தண்ணீர் ஒரு கோப்பை கலந்தால் சுமார் 70 பாகை வரும், அது போதும். கையைச் சுட்டுவிடும் சூடு என்பதால் இதைப் பெரியவர்களே செய்ய வேண்டும்.

குதிரையின் உடலைப் பிடித்து, வளைந்த காலை மட்டும் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை தண்ணீரில் அமிழ்த்துங்கள். வயிறு உள்ளே வெறுமையானது. கழுத்து இணைப்பு வழியாகவோ வால் துவாரம் வழியாகவோ தண்ணீர் புகுந்தால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். மயிரிலும் சுடுதண்ணீர் படக்கூடாது. அது சுருண்டு கெட்டுவிடும். கால் இளகியதும் வெளியே எடுத்து, ஒரு துணியால் பிடித்து மெதுவாக நிமிர்த்துங்கள். வேண்டிய அளவைவிடச் சற்று அதிகமாகவே மறுபக்கம் வளையுங்கள். ஆறும்போது கொஞ்சம் பின்வாங்கும். பிடியை விடாமல் ஒரு நிமிடம் குளிர்ந்த தண்ணீரில் வையுங்கள். மலையிலிருந்து வரும் நம் குழாய்த் தண்ணீரே இதற்குப் போதுமானது.

ஒரே தடவையில் சரிவராவிட்டால் மறுபடி செய்யலாம். பிடிவாதமான காலுக்கு ஐஸ்கிரீம் குச்சியொன்றை வைத்துத் துணிநாடாவால் கட்டி, கட்டோடு சுடுதண்ணீரிலும் பிறகு குளிர்தண்ணீரிலும் அமிழ்த்தி, இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். இளகாத கடினப் பிளாஸ்டிக்கைப் பலவந்தம் செய்ய வேண்டாம், உடைந்துவிடும்.

இன்னொன்று. எல்லாக் காலும் நேராக இருக்க வேண்டியவை அல்ல. ஸூரா ஸாத்தில் ஸுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளைக் குறிக்க 'ஸாஃபினாத்' என்ற சொல் வருகிறது. மூன்று கால்களை ஊன்றி, நான்காவதன் குளம்பு நுனியை மட்டும் நிலத்தில் தொட்டு நிற்பவை என்று முஃபஸ்ஸிர்கள் விளக்குகிறார்கள். பொம்மை செய்தவரும் ஒரு காலை அப்படி மடித்தே வார்த்திருக்கலாம். அதனால் சோடிக் கால்களை ஒப்பிட்டு, பெட்டியில் படம் இருந்தால் அதையும் பார்த்த பிறகே கை வையுங்கள்.

கவனிக்க வேண்டியவை

முன்பு வைனைலை இளக்கப் பரவலாகச் சேர்த்த தலேற்று வகைகள் சிலவற்றைப் பிள்ளைகளின் பொம்மைகளில் ஐரோப்பிய ஒன்றியம் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், அமெரிக்கா 2008ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் கட்டுப்படுத்தின. ஆகவே பழைய பொம்மைகளையும், மேற்பரப்பு பிசுபிசுப்பானவற்றையும் வாயில் வைக்கும் கைக்குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

நிமிர்த்திய குதிரையை அடுப்பு ஓரத்திலோ வெயில் விழும் யன்னலிலோ வைக்க வேண்டாம். பெட்டி அனுப்பும் உம்மாவிடம், பொம்மையைச் சுற்றிக் காலுறைகளைத் திணித்து, டின்களுக்கு மேலே வைக்கும்படி சொல்லுங்கள்.

வீசுவதற்கு முன்

வீண்விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்று அல்குர்ஆன் கண்டிக்கிறது. நபியவர்கள் தமது செருப்பைத் தாமே தைத்தார்கள். ஆடையின் கிழிசலையும் தாமே தைத்தார்கள். வளர்த்த சிறு குருவி இறந்ததற்காகக் கவலையோடிருந்த அபூஉமைர் என்ற சிறுவனிடம் அந்தக் குருவியைப் பற்றியே விசாரித்தார்கள். பிள்ளையின் சின்னத் துக்கம் அவர்களுக்குச் சின்னதாகப் படவில்லை.

கடல் கடந்த உம்மா தன் பிள்ளைக்கு முத்தம் கொடுக்க முடியாமல் ஒரு பொம்மையை அனுப்புகிறாள். "வேறு வாங்கலாம்" என்று அதை வீசும்போது பிள்ளை எதை இழக்கிறது என்று யோசியுங்கள். கடையில் வேறு குதிரை கிடைக்கும். உம்மா தேடி வாங்கிய குதிரை கிடைக்காது. வாப்பாவோ உம்மம்மாவோ அரை மணித்தியாலம் ஒதுக்கிக் காலை நிமிர்த்துங்கள். சுடுதண்ணீர் வேலை முடிந்ததும், துடைத்து நிறுத்தும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள். அடுத்த முறை உம்மா தொலைபேசியில் அழைக்கும்போது, குதிரை நிற்கிறது என்று பிள்ளையே சொல்லட்டும்.

தூரத்தில் உழைக்கும் தாய்மாரையும் அவர்களுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளையும் அல்லாஹ் நலமாக ஒன்றுசேர்ப்பானாக. ஆமீன்.