கோழிக் குஞ்சுகளைத் தாக்கும் இரத்தசோகை நோய்

தென்காசி, குற்றாலம் பகுதிகளில் ஆனி, ஆடி மாதங்களில் சாரல் விழும்போது கோழிக் கொட்டகையின் கூளம் ஈரமாகி, குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சல் வருவதைப் பண்ணையாளர்கள் அறிவார்கள். ஆகவே, கொண்டை வெளுத்த குஞ்சைக் கண்டவுடன் இரத்தக் கழிச்சல் மருந்தைத் தண்ணீரில் கலந்து வைப்பவர்கள் உண்டு. ஆனால் கொண்டை வெளுப்பதற்கெல்லாம் இரத்தக் கழிச்சலே காரணமன்று. எந்த மருந்துக்கும் கட்டுப்படாத நச்சுயிரி இரத்தசோகையும் காரணமாகலாம்.

நோய்க் காரணம்

இந்நோயை உண்டாக்குவது மிக நுண்ணிய ஒரு நச்சுயிரி. இதனை 1979-ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டில் யுவாசா என்ற அறிவியலாரும் அவர் குழுவினரும் முதன்முதலாகப் பிரித்தெடுத்தனர். இந்தியப் பண்ணைகளிலும் இந்நோய் கண்டறியப்பட்டுள்ளது. இந்நச்சுயிரி எலும்பு மஜ்ஜையைத் தாக்குவதால் இரத்த அணுக்கள் குறைகின்றன. தைமஸ் சுரப்பியைத் தாக்குவதால் நோய் எதிர்ப்புச் சக்தி குறைகிறது.

பரவும் விதம்

முட்டையிடும் பருவத்தில் தாய்க்கோழிக்கு முதன்முறையாக இந்நோய் தொற்றினால், முட்டை வழியே குஞ்சுக்குச் செல்லும். தாய்க்கோழியோ எவ்வித நோய்க்குறியும் காட்டாது; முட்டையும் குறையாது. நோயுற்ற கோழியின் எச்சம் கலந்த கூளம், தீவனம், தண்ணீர் ஆகியவற்றாலும் நோய் பரவும்.

நோய்க்குறிகள்

முட்டை வழியே நோய் பெற்ற குஞ்சுகள் இரண்டு வார வயதையொட்டிச் சோர்வடையும். தீவனம் எடுக்காது. கொண்டை, தாடி, கால்கள் வெளுத்துவிடும். சில குஞ்சுகளின் இறக்கைத் தோலில் இரத்தம் கட்டி நீலம் பாரிக்கும். பொதுவாக நூற்றுக்குப் பத்து முதல் இருபது குஞ்சுகள் இறக்கும். வேறு நோய்களும் சேர்ந்தால் இழப்பு மிகும். பிழைத்தவை மெல்லத் தேறினாலும் எடை ஒரே சீராக இராது.

இறந்த குஞ்சை அறுத்துப் பார்த்தால், சிவப்பாக இருக்க வேண்டிய எலும்பு மஜ்ஜை வெளிர் மஞ்சளாக இருக்கும். தைமஸ் சுரப்பி சுருங்கியிருக்கும். இரத்தக் கழிச்சலிலோ குடலில் இரத்தம் காணப்படும்.

மறைந்திருக்கும் இழப்பு

எதிர்ப்புச் சக்தி குன்றிய குஞ்சுகளுக்கு வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசி போட்டாலும் முழுப் பலன் கிட்டாது. ‘தடுப்பூசி போட்டும் கோழி செத்ததே’ என்று மருந்தைக் குறை கூறும் முன், இந்நோய் உள்ளதா என்று பார்ப்பது நல்லது.

சல்பா மருந்து குறித்து எச்சரிக்கை

சல்பா வகை மருந்துகளை அளவுக்கு மீறிக் கொடுத்தால் அவையே எலும்பு மஜ்ஜையைப் பாதித்து இரத்தசோகையை உண்டாக்கும். நச்சுயிரி நோயில் இவற்றை வீணே கொடுப்பது, எரியும் நெருப்பில் எண்ணெய் வார்ப்பது போலாகும். பூசணம் பிடித்த மக்காச்சோளத்தின் நச்சும் குஞ்சுகளைச் சோகையாக்கும். எனவே கால்நடை மருத்துவரைக் கலந்தே மருந்து கொடுக்க வேண்டும்.

தடுப்பு முறைகள்

1. நோய் வந்தபின் குணப்படுத்த மருந்து கிடையாது. தாய்க்கோழிகளுக்கு முட்டையிடும் பருவத்துக்குச் சில வாரங்கள் முன்னரே தடுப்பு மருந்து கொடுப்பதே சிறந்த வழி. தாயின் எதிர்ப்புப் பொருள் முட்டை வழியே குஞ்சுக்குச் சென்று ஏறத்தாழ மூன்று வாரம் காக்கும்.

2. குஞ்சு வாங்கும்போது, தாய்க்கோழிகளுக்கு இத்தடுப்பு மருந்து கொடுக்கப்பட்டதா எனப் பொரிப்பகத்தாரிடம் கேட்டறிய வேண்டும்.

3. ஒரு தொகுதி கோழிகள் விற்றவுடன் பழைய கூளத்தை முழுவதும் அகற்றி, தரையைக் கழுவிக் காய விட வேண்டும். இந்நச்சுயிரி வெப்பத்தையும் பல கிருமிநாசினிகளையும் தாங்கக்கூடியது. எச்சம் ஒட்டிய தரையில் மருந்து தெளித்துப் பயனில்லை. நன்கு கழுவிய பின்னரே அயோடின் அல்லது குளோரின் கலந்த கிருமிநாசினி தெளிக்க வேண்டும்.

4. வெவ்வேறு வயதுக் கோழிகளை ஒரே கொட்டகையில் வளர்க்கலாகாது.

5. சாரல் காலத்தில் பக்கவாட்டில் படுதா கட்டி, காற்றோட்டம் கெடாமல் கூளத்தை அடிக்கடி கிளறி விட வேண்டும். இது இரத்தக் கழிச்சலையும் குறைக்கும்.

குஞ்சுகள் வெளுத்து இறந்தால், அன்றே இறந்த குஞ்சுகளை அருகிலுள்ள கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துச் சென்று பரிசோதிக்கலாம். திருநெல்வேலி இராமையன்பட்டியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியையும் அணுகலாம். காரணம் தெரிந்தால் வீண் மருந்துச் செலவு மிஞ்சும். அடுத்த தொகுதிக் குஞ்சுகளும் காக்கப்படும்.