தேனி வாழையும் கரிமக் கணக்கும்: விவசாயியும் சிறுதொழிலும் அறிய வேண்டியவை

வைகை அணைக்கு மேற்கேயும் தென்மேற்கேயும் விரியும் கம்பம் பள்ளத்தாக்கின் வாழை, உள்நாட்டுப் பேரங்காடிகளுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் செல்லும் பண்டமாகிவிட்டது. ஒன்றிய அரசு 2021-இல் தொடங்கிய தோட்டக்கலைத் தொகுப்பு மேம்பாட்டுத் திட்டத்தில், வாழைக்கான முன்னோடி மாவட்டங்களாக ஆந்திரத்தின் அனந்தபூரும் தமிழகத்தின் தேனியும் தேர்ந்தெடுக்கப்பட்டன. இந்தச் சந்தைகளின் வழியே பெருநிறுவனங்களோடு இணையும் விவசாயியிடமும் சிப்பமிடும் கூடத்திடமும் விலை, தரம் ஆகியவற்றோடு, ஒரு கிலோ பழத்துக்காக எவ்வளவு பசுமை இல்ல வாயு வெளியேறியது என்னும் கேள்வியும் இனிக் கேட்கப்படும்.

புவியின் வெப்பத்தைத் தேக்கும் கரியமில வாயு, மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு போன்றவையே பசுமை இல்ல வாயுக்கள். நிறுவனம் தானே எரிக்கும் எரிபொருளால் வருவது முதல் வகை, அது வாங்கும் மின்சாரத்தின் உற்பத்தியில் வெளியானது இரண்டாம் வகை, மூலப்பொருள் விளைந்த நிலம் முதல் விற்ற பொருள் குப்பையாகும் இடம் வரை பிறர் கையில் நிகழ்வது மூன்றாம் வகை எனப் பன்னாட்டுக் கணக்கீட்டு நெறிமுறை பிரிக்கிறது. உணவு விற்கும் நிறுவனங்களுக்குப் பெரும்பங்கு மூன்றாம் வகையிலேயே இருப்பதால், அவை அறிவிக்கும் குறைப்பு இலக்குகளுக்கான உழைப்பு சின்னமனூர், உத்தமபாளையம் போன்ற ஊர்களின் தோட்டங்களில்தான் நடந்தாக வேண்டும்.

வாழைத் தோட்டத்தில் முதலில் கவனிக்க வேண்டியது தழைச்சத்து உரம். பயிர் உறிஞ்சாமல் விட்ட தழைச்சத்தின் ஒரு பகுதியை மண்ணின் நுண்ணுயிர்கள் நைட்ரஸ் ஆக்சைடாக மாற்றுகின்றன. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல் 273 மடங்கு வெப்பத்தைத் தேக்க வல்லது. உரத்தைச் சொட்டுநீரோடு சிறுசிறு அளவாகக் கொடுத்தால் இந்த இழப்பும் செலவும் ஒருங்கே குறையும். சொட்டுநீர்க் கருவிகளுக்குச் சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழக அரசு வழங்கிவரும் முழு மானியம் இவ்வகையில் ஒரு காலநிலை உதவியுமாகும். அடுத்தது மின்சாரம். முல்லைப் பெரியாற்று நீர் லோயர்கேம்ப்பில் மின்சாரம் தந்த பிறகே பள்ளத்தாக்கில் பாய்ந்து வைகை அணைக்கு வருகிறது என்றாலும், அந்த மின்சாரம் பொதுக் கட்டமைப்பில் கலந்துவிடுவதால், தோட்டத்து மோட்டாரின் ஒவ்வொரு யூனிட்டும் நிலக்கரி மிகுந்த தேசிய சராசரிப்படி ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயுவாகவே எழுதப்படுகிறது. பழத்தைச் சுமார் 13 டிகிரியில் வைத்திருக்கும் குளிர்பதனமும் லாரியின் டீசலும் இவற்றோடு சேர்கின்றன.

பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் செபி, பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுள் சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களிலுள்ளவை தங்கள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்புகள் குறித்து ஆண்டறிக்கை தர வேண்டும் என விதித்துள்ளது. விநியோகச் சங்கிலியில் உள்ளோரின் விவரங்களை முதல் 250 நிறுவனங்கள் தர வேண்டும் என 2023-இல் கூறிய அது, பின்னர் 2025-இல் அதை 2025-26 நிதியாண்டு முதல் விருப்பத்துக்குரியதாக்கியதோடு, நிறுவனத்தின் கொள்முதலிலோ விற்பனையிலோ தனித்து 2 சதவீதமோ அதற்கு மேலோ பங்குள்ளவர்களையே கணக்கில் சேர்க்கலாம் எனவும் தளர்த்தியது. இக்கடமை நிறுவனத்துக்குரியது என்பதால், செபி விதியைக் காட்டி விவசாயியைப் படிவம் நிரப்பக் கட்டாயப்படுத்த முடியாது. கட்டாயம் வருமானால் அது கையெழுத்திடும் ஒப்பந்தத்தின் வழியாகவே வரும். ஆகவே ஒப்பந்தத்தைத் தமிழில் கேட்டுப் படிப்பதே முதற்காப்பு.

மற்றோர் ஆபத்து சராசரிக் கணக்கில் இருக்கிறது. தோட்டத்தின் சொந்தத் தரவு இல்லாதபோது நிறுவனம் பொதுச் சராசரியையே எடுத்தாளும். அப்போது உரத்தைப் பாதியாகக் குறைத்தவரும் குறைக்காதவரும் ஒரே எண்ணாகிவிடுவர். உர ரசீது, மண்வள அட்டை, டீசல் செலவு, நீர் பாய்ச்சிய நேரம் ஆகியவற்றை ஒரே நோட்டில் எழுதிவைத்து, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் வழியாகக் கூட்டாகப் பேசினால், குறைத்தவருக்குக் கூடுதல் விலை கேட்க ஆதாரம் கிடைக்கும். அளக்கும் செலவை விவசாயி தலையில் ஏற்றிவிட்டுப் பெருமையை மட்டும் நிறுவனம் எடுத்துக்கொள்வது அநீதி.

சிப்பமிடும் கூடங்கள் ஒன்றிய அரசின் உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தி நிறுவனங்களாக இருந்தால், 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் அவற்றுக்குத் துணைநிற்கும். கரிமப் படிவம் வரவில்லை என்று சொல்லிப் பணத்தை இழுத்தடிக்கும் வாங்குபவர், சரக்கை ஏற்பதில் மறுப்பிருந்தால் 15 நாள்களுக்குள் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். இல்லையேல் சரக்கு ஏற்கப்பட்டதாகவே கொள்ளப்படும். 45 நாள்களுக்கு மேல் தவணை பேசவும் முடியாது. தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல் மும்மடங்கு கூட்டுவட்டி சேரும், வழக்கை அச்சட்டத்தின் கீழுள்ள வசதியாக்கக் குழுவிடம் கொண்டு செல்லலாம்.

வாழைப்பழ அட்டையில் ‘கரிமமற்றது’ என்று ஆதாரமின்றி அச்சிடுவது நுகர்வோரை ஏமாற்றுவது என 2024 அக்டோபரில் வெளியான பசுமைப் பூச்சு (பொய்யான சுற்றுச்சூழல் உரிமைகோரல்) குறித்த வழிகாட்டுதல்களின்படி புகாருக்குரியது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இவற்றினும் கவனம் வேண்டுவது கரிம வரவுத்தாள் ஒப்பந்தம். வெளியேற்றத்தைக் குறைத்த அளவைச் சான்றிட்டு விற்பதே வரவுத்தாள். ஒரு தோட்டத்தின் குறைப்பை ஓர் இடைநிறுவனம் வெளியாருக்கு விற்றுவிட்ட பின், அதையே பழம் வாங்கும் நிறுவனமும் தன் கணக்கில் காட்டினால் ஒரே குறைப்பு இருமுறை எண்ணப்படும், பொறுப்பு விவசாயிமீது திரும்பவும் கூடும். எத்தனை ஆண்டுக்கு நிலம் கட்டுப்படுகிறது, வரவுத்தாள் யாருக்கு உரியது, விற்ற தொகையில் பங்கு எவ்வளவு, பயிரை மாற்றினால் அபராதம் உண்டா என்னும் நான்குக்கும் எழுத்தில் விடை வராத ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டியதில்லை.