தேங்காத்தொட்டியில் காயும் கொப்பரை

காங்கேயம் பக்கம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால், உலர்களத்தில் கொப்பரை போட்டவன் பாடு திண்டாட்டம்தான். இரண்டு நாள் வெயில் இல்லையென்றால் பருப்பில் பூசணம் ஏறிவிடும். அதற்குப் பயந்து கந்தகப் புகை போடுகிற பழக்கம் இங்கே உண்டு. நானும் போட்டவன்தான். என்னிடம் கொப்பரை வாங்கும் செக்குக்காரர் ஒரு மழைக்காலத்தில் பருப்பை முகர்ந்து பார்த்துவிட்டு, "ஏனுங்கண்ணா, மரத்துக்கு மருந்தடிக்கலீன்னு சொல்றீங்க, இதுல கந்தக வாடை அடிக்குதுங்களே?" என்று கேட்டார். எனக்கு வாய் அடைத்துப் போச்சு. அப்போது தேட ஆரம்பித்ததுதான் கேசிஃபயர்.

இதைச் சாண எரிவாயுக் கலனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே காற்றுப் புகாத கலனில் நுண்ணுயிர்கள் சாணத்தைச் செரித்து வாயு தருகின்றன. இங்கே வேலை செய்வது நெருப்பு. ராமநாதபுரம், சிவகங்கை பக்கம் சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண் பூசிக் கரிமூட்டம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதிலிருந்து கிளம்பும் புகையில் எரியக்கூடிய வாயு நிறைய இருக்கிறது. மூட்டத்தில் அது வீணாகப் போகிறது. கேசிஃபயர் அதைப் பிடித்துக்கொள்கிறது, மிச்சக் கரியையும் பெரும்பகுதி வாயுவாக்கிவிடுகிறது.

என்னிடம் இருப்பது மேலே தொட்டியைக் கொட்டி, கீழே வாயுவை இழுக்கும் வகை. கொட்டியது முதலில் காய்கிறது. கொஞ்சம் இறங்கியதும் சூட்டில் கரியாகவும் தாரும் ஆவியும் கலந்த புகையாகவும் பிரிகிறது. அதற்குக் கீழேதான் காற்று உள்ளே வரும் இடம். ஆனால் முழுசாக எரியத் தேவைப்படுவதில் மூன்றில் ஒரு பங்கு காற்றுதான் விடுவோம். அங்கே சூடு 1,000 டிகிரியைத் தாண்டும், தார் பெரும்பாலும் உடைந்துவிடும். எரிந்து உண்டான கரியமில வாயுவும் நீராவியும் அடியில் தகதகக்கும் கரி வழியாகப் போகும்போது கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் மாறுகின்றன. இரண்டும் எரியும். வெளியே வரும் வாயுவில் இவை ஒவ்வொன்றும் ஐந்தில் ஒரு பங்கு போல இருக்கும். பாதிக்குக் கிட்ட காற்றிலிருந்து வந்த நைட்ரஜன்தான், அது எரியாது. அதனால் சமையல் கேஸ் மாதிரி காரமான வாயு இல்லை இது.

முதலில் எனக்கு ஆசை கரண்ட் மேல்தான். எஞ்சினோடு ஒரு பழைய செட்டை வாங்கி வைத்தேன். எஞ்சினுக்கு வாயுவைக் குளிரவைத்து, தாரையும் தூசியையும் கழுவி, வடிகட்டித்தான் விட வேண்டும். நான் அவசரத்தில் ஈரத் தொட்டியைப் போட்டேன். ஈரம் 20 விழுக்காட்டுக்கு மேல் போனால் உள்ளே சூடு இறங்கும், தார் உடையாது. ஒரே மாதத்தில் வால்வு ஒட்டிக்கொண்டு எஞ்சின் நின்றது. வாயுவைக் கழுவிய தண்ணீரோ கறுப்பாக, நாறிக்கொண்டு நின்றது. அதில் பீனால் இருக்கும். அதை வாய்க்காலில் விட்டுவிட்டு நான் இயற்கை விவசாயி என்று எப்படிச் சொல்வது?

கணக்கும் இடித்தது. நன்றாகக் காய்ந்த ஒரு கிலோ தொட்டியில் ஏறக்குறைய 5 யூனிட் அளவுக்கு வெப்பம் இருக்கிறது. எஞ்சின் வழியாக மின்சாரமாக்கினால் கைக்கு வருவது ஒரு யூனிட், பல நேரம் அதுவும் இல்லை. நம்ம பம்புசெட்டுக்கு அரசு இலவச மின்சாரம் தருகிறது. அப்புறம் யாருக்காக இந்தப் பாடு? மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி 9 கிலோவாட் கேசிஃபயர் வைத்து மரக்கழிவில் குடிநீர் இறைத்தது. அது ஊராட்சி கரண்ட் பில் கட்ட வேண்டிய வேலை, அங்கே நியாயம் உண்டு. கம்பி எட்டாத ஊர்களிலும் உண்டு. கர்நாடகத்தில் ஹோசஹள்ளி கிராமம் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் கேசிஃபயரில் விளக்கெரித்தது. பீகாரில் நெல் உமியிலேயே ஊருக்கு விளக்குப் போட்டார்கள். எனக்கு வேண்டியது சூடுதான்.

எஞ்சினைக் கழற்றினேன். வாயுவைக் கழுவாமல் சூடாகவே பர்னரில் எரிக்கிறேன். தாரும் சேர்ந்தே எரிந்துவிடுகிறது, அழுக்குத் தண்ணீர் கிடையாது. அந்தத் தீ இரும்புக் குழாய்களைச் சுடுகிறது. குழாயின் மேல் ஓடும் நல்ல காற்று 60, 65 டிகிரியில் கொப்பரை அறைக்குப் போகிறது. புகை பருப்பைத் தொடுவதே இல்லை. வெயிலில் ஒரு வாரம் காய்வது இரண்டு நாளில் காய்கிறது, வெள்ளையாக. ஆயிரம் காய் உடைத்தால் நூறு கிலோவுக்குக் குறையாமல் தொட்டி விழுகிறது, அதிலேயே வேலை முடிந்துவிடுகிறது.

ஒன்றை மறைக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ஒரு மழை நாளில் சாரல் அடிக்குதென்று கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு வேலை பார்த்த தம்பி, "அண்ணா, தலை சுத்துது" என்று உட்கார்ந்துவிட்டான். மூடியில் ஒரு இணைப்பு கசிந்திருக்கிறது. வெளியே தூக்கிப் போட்டு, ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிழைத்துக்கொண்டான். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கை நடுங்கும். வைக்கிறவர்கள் திறந்தவெளியில், மேலே கூரை மட்டும் போட்டு வையுங்கள்.

இன்னொரு கேள்வி நம் கூட்டங்களில் வரும்: மண்ணுக்குப் போக வேண்டியதை எரிக்கலாமா? ஓலையும் மட்டையும் வைக்கோலும் என் தோப்பில் மூடாக்குக்குத்தான் போகும், கேசிஃபயர் பக்கம் போகவே போகாது. அவை லேசாக இருப்பதால் இந்த இயந்திரத்துக்கும் சரிவராது, நடுவில் தொக்கி நிற்கும். தொட்டி மட்கப் பல வருஷம் ஆகும், அதனால் அதை எரிப்பதில் எனக்கு உறுத்தல் இல்லை. அடியில் விழும் பொடிக்கரியை மாட்டு மூத்திரத்தில் ஊறப்போட்டு எருக்குழியில் சேர்க்கிறேன்.

செக்குக்காரர் போன கார்த்திகையில் வந்தார். பருப்பை முகர்ந்தார், ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார். "எத்தனை மூட்டைங்க இருக்குது?" என்று மட்டும் கேட்டார். கொட்டகைக் கதவை நான் அந்த மழையன்றே கழற்றி வைத்தது, இன்னும் சுவரோரமாகச் சாய்ந்து கிடக்கிறது.