கடையும் கூடையும் குற்றாலமும்



விலைவாசி, வரி, எடைக்கல் முத்திரை என்று எழுதப்பட்டு வரும் இந்தப் பக்கங்களில் இந்த முறை ஒயர் கூடையைப் பற்றியும் அருவியைப் பற்றியும் எழுதுகிறேன். "அண்ணாச்சிக்கு வயதாகிவிட்டது" என்று யாரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதிலும் வரவு செலவு இருக்கிறது.

எனக்கு வயது 64. பள்ளி இறுதி வகுப்பு முடித்த கையோடு 1977இல் விருதுநகரில் அப்பாவின் பருப்புக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்று முதல் காலை எட்டு மணிக்குக் கடை திறந்தால், இரவு சிட்டையைப் பேரேட்டில் ஏற்றி, ரொக்க இருப்பைச் சரிபார்த்து, வீடு போய்ச் சேரப் பதினொரு மணி ஆகும். இதை வாசிக்கும் பலருக்கும் இதே கதைதான் என்பது எனக்குத் தெரியும். 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், கடையில் வேலை செய்பவருக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை தரச் சொல்கிறது. முதலாளிக்கு யார் தருவது? அவரே எடுத்துக்கொண்டால்தான் உண்டு. நாம் எடுப்பதில்லை.

பாதியில் நின்ற பயணம்

எனக்குக் கல்யாணம் ஆனது 1986 ஆவணியில். மறு வாரமே குற்றாலம் போனோம். மூன்று நாள் தங்குவதாகத் திட்டம். முதல் நாள் சாயங்காலம் பேரருவியில் ஒரு குளியல் போட்டோம். மறுநாள் காலையில் தங்கியிருந்த விடுதிக்கு டிரங்க் கால் வந்தது. துவரை லோடு வந்து நிற்கிறது, அப்பாவுக்குக் காய்ச்சல், உடனே புறப்படு என்றார்கள். ஈரத் துணியைக் கூடப் பிழியாமல் பைக்குள் திணித்துக்கொண்டு பஸ் ஏறினோம். "அடுத்த வருஷம் வந்து ஒரு வாரம் தங்கலாம்" என்று பஸ்ஸில் நான் அவளிடம் சொன்னேன்.

அந்த அடுத்த வருஷம் வர 38 வருஷம் ஆயிற்று. நடுவில் கல்யாண வீடுகளுக்கும் கோயில் குளங்களுக்கும் போகாமல் இல்லை. ஆனால் காலையில் போய் இரவு திரும்பும் பயணம்தான். பிள்ளைகள் படிப்பு, தீபாவளிக் கொள்முதல், பொங்கல் வசூல், 2017இல் ஜி.எஸ்.டி. என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம் இருந்தது. எல்லாம் நியாயமான காரணங்கள்தான். அதனால்தான் வருஷம் போனதே தெரியவில்லை.

கூடை சொன்ன கணக்கு

என் மனைவி ஒயர் கூடை போடுவாள். பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் சொல்லிக் கொடுத்தது. பிஸ்கட் முடிச்சில் ஆரம்பித்து, நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண் என்று கற்றுக்கொண்டாள். நடுத்தரக் கூடைக்கு மூன்று கட்டு ஒயர் பிடிக்கும். அடி போட்டு, சுவர் ஏற்றி, விளிம்பு கட்டி, கைப்பிடி பின்னி முடிக்க அவளுக்கு ஒரு வாரம் ஆகும். எங்கள் உறவில் அவள் போட்ட கூடை இல்லாத வீடு கிடையாது. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தபோது, கையை வீசிக்கொண்டு வந்த சில பழைய வாடிக்கையாளர்களுக்கு நான் கூடையை இனாமாகக் கொடுத்து நல்ல பெயர் வாங்கினேன். கூடை அவளுடையது, பெயர் எனக்கு.

2023 கடைசியில் ஒரு நாள் வீட்டில் ஒரு கூடையைப் பார்த்தேன். நாலாவது வரிசையில் முடிச்சு தப்பி, அங்கிருந்து மேலே பூ முழுக்கக் கோணியிருந்தது. பேரேட்டில் ஒரு வரி தப்பினால் கடைசிவரை இருப்பு இடிக்குமே, அது போல. "என்ன இது?" என்று கேட்டேன். "கண்ணு சரியாத் தெரியலங்க. ஆறு மாசமாச்சு" என்றாள். ஒரு மூடைக்குள் கையை விட்டுப் பருப்பின் ஈரப்பதம் சொல்கிறவன் நான். ஒரே வீட்டில் இருப்பவளுக்குக் கண் மங்குவது எனக்குத் தெரியவில்லை.

கண்புரை என்றார்கள். தையில் ஒரு கண், மாசியில் இன்னொரு கண், அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்த அன்று பேச்சுவாக்கில் கேட்டேன், "ஏன் இத்தனை வருஷமா ராத்திரி ராத்திரி கூடை போட்ட?"

"நீங்க வர பதினோரு மணி ஆகும். சும்மா உட்கார்ந்தா தூங்கிருவேன். கையில வேலை இருந்தா முழிச்சிருக்கலாம்ல" என்றாள்.

அவளிடம் குறையாகப் பேசும் தொனியே இல்லை. பருப்பு விலை சொல்வது போலச் சொன்னாள். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கூடைக்கு ஒரு வாரம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தத் தொகையை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

மறுநாள் மகனைக் கூப்பிட்டு, ஆடியில் மூன்று நாள் நானும் அம்மாவும் குற்றாலம் போகிறோம் என்றேன். "நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் பாத்துக்கிறேன்" என்று அவன் உடனே சொன்னது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது. நான் இல்லாமல் கடை எப்படி நடக்கும் என்று அவன் ஒரு பேச்சுக்காவது கேட்டிருக்கலாம்!

சாரலும் சித்திரமும்

2024 ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை ரயில் ஏறினோம். சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில் தாண்டித் தென்காசி. சங்கரன்கோவில் தாண்டியதும் மலை தெரிந்தது. "மரம் தனித்தனியாத் தெரியுதுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். மடியில் புதிதாக ஆரம்பித்த கூடை ஒன்று. எதிரில் இருந்த பெண்கள் இரண்டு பேர் சிவன் கண் முடிச்சை அங்கேயே அவளிடம் கற்றுக்கொண்டார்கள். நான் போன் அடிக்குமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இரவு எட்டு மணிக்கு ஒரு தடவைதான் பேசுவது என்று மகனோடு ஒப்பந்தம். மூன்று நாளும் அதை மீறாதவன் அவன். இரண்டு தடவை மீறியவன் நான்.

போன அன்று பேரருவியில் வெள்ளம் அதிகம். குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். இத்தனை வருஷம் கழித்து வந்தும் இப்படியா என்று எனக்குக் கோபம். ஆனால் அந்த ஆண்டு மே மாதம்தான் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளத்தில் ஒரு மாணவன் உயிரிழந்தான். மலையில் பெய்யும் மழை கீழே நிற்பவனுக்குத் தெரியாது. காவலர் போகச் சொன்னால் மறுபேச்சு இல்லாமல் போய்விடுவதே நல்லது.

அதனால் குற்றாலநாதரைச் சேவித்துவிட்டுச் சித்திர சபைக்குப் போனோம். நடராஜப் பெருமானின் ஐந்து சபைகளில் சிதம்பரம் பொற்சபை, மதுரை வெள்ளி சபை, திருநெல்வேலி தாமிர சபை, திருவாலங்காடு இரத்தின சபை. குற்றாலத்தில் உள்ளது சித்திர சபை. இங்கே இறைவனே சுவரில் தீட்டிய ஓவியமாக இருக்கிறார். மூலிகை வண்ணங்களால் தீட்டியவை என்று சொல்லும் ஓவியங்கள் சுவர் நிறைய உள்ளன. அவள் ஒவ்வொரு படமாக, பக்கத்தில் போய், தள்ளி நின்று, பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. எனக்கும் அவசரம் தோன்றவில்லை.

பள்ளிக்கூடத்தில் எனக்குச் சித்திரம் நன்றாக வரும். டிராயிங் வாத்தியார் என் படத்தை வகுப்பில் எல்லோருக்கும் காட்டுவார். கடைக்கு வந்த பிறகு துண்டுச் சீட்டின் பின்பக்கம் யாராவது வாடிக்கையாளர் முகத்தைக் கிறுக்குவேன். அப்பா பார்த்துவிட்டு, "சீட்டு என்ன விலை தெரியுமாலே?" என்றார். அதோடு விட்டதுதான். அன்று சபையை விட்டு வெளியே வந்ததும் ஒரு கடையில் நோட்டும் பென்சிலும் வாங்கினேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை, சிரித்தாள்.

மறுநாள் ஐந்தருவி. பெண்களுக்குத் தனி இடம், ஆண்களுக்குத் தனி இடம். நான் பத்து நிமிஷத்தில் குளித்துவிட்டு வந்து, அவளுடைய கூடையும் மாற்றுத் துணியும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. எங்கள் குடும்ப வாழ்க்கையில் நான் அவளுக்காகக் காத்திருந்தது அதுவே முதல் தடவை. சும்மா இருக்க முடியாமல், எதிரில் இருந்த கூடையை நோட்டில் வரைந்தேன். ஒவ்வொரு முடிச்சாக வரைந்து பார்த்தபோதுதான் அதில் எவ்வளவு வேலை இருக்கிறது என்று தெரிந்தது. நனைந்த தலையோடு வந்தவள் படத்தைப் பார்த்து, "மூணாவது வரிசையில ஒரு முடிச்சு குறையுது" என்றாள். எண்ணிப் பார்த்தேன். குறைந்திருந்தது! கண் நன்றாகத் தெரிகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்றிதழ் வேண்டாம்.

மூன்றாம் நாள் பேரருவியில் தண்ணீர் தணிந்து, குளியலும் கிடைத்தது. ரம்புட்டானும் மங்குஸ்தானும் பேரன்களுக்கு வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

திரும்பி வந்தபோது

கடை இருந்த இடத்தில் இருந்தது. மகன் நான் இல்லாதபோது உளுந்து 100 மூடை எடுத்திருந்தான். கிலோவுக்கு ஒரு ரூபாய் கூட. ஐம்பது கிலோ மூடைக்குக் கணக்குப் பார்த்தால் 5,000 ரூபாய் நஷ்டம். வாய் வரை வந்த வார்த்தையை அடக்கிக்கொண்டேன். 1980களில் நான் எடுத்த வத்தல் சரக்கில் அப்பாவுக்கு ஆன நஷ்டம் இதைவிடப் பெரிது. அவர் ஊரில் இருந்தும் ஆனது அது. அதே மூன்று நாளில், நான் மூன்று வருஷமாகக் கேட்கக் கூச்சப்பட்டு விட்டிருந்த ஒரு பழைய பாக்கியை மகன் தன்மையாகப் பேசி வசூலித்திருந்தான். வரவையும் செலவையும் சேர்த்துப் பார்த்தால் கடைக்கு லாபமே.

இப்போது நான் இரவு எட்டரைக்கெல்லாம் வீட்டில் இருக்கிறேன். அவள் கூடை போடுகிறாள், நான் வரைகிறேன். கடையில் இருக்கும் ஒவ்வொருவரையும் வரைந்தாயிற்று. எங்கள் லோடுமேன் ஒருவர், "அண்ணாச்சி, மீசையக் கொஞ்சம் கூட வைங்க" என்று திருத்தி வாங்கிக்கொண்டு போனார்.

புறப்படும் முன் சில யோசனைகள்

ஆடி நமக்கு மந்தமான மாதம், கல்யாண லிஸ்டு வராது. அதுவே குற்றாலத்தில் சாரல் காலம். மளிகை வியாபாரிக்கென்றே அமைந்த பொருத்தம் இது. ஆடி அமாவாசை, பதினெட்டாம் பெருக்கு, சனி, ஞாயிறு ஆகிய நாட்களைத் தவிர்த்தால் கூட்டம் குறைவு.

மாதந்தோறும் ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்பவர்கள் 11, 20 தேதிகளின் வேலையை முடித்துவிட்டுப் புறப்படுங்கள். யார் யாருக்கு எவ்வளவு வரை கடன் தரலாம் என்று எழுதிக் கொடுங்கள். எந்தத் தொகை வரை சரக்கு எடுக்கலாம் என்ற வரம்பையும் சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் போனதால்தான் அந்த 5,000 ரூபாய்.

தனி ஆளாகக் கடை நடத்தும் சிறு வியாபாரி என்ன செய்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நாலு நாள் முன்பே பலகையில் எழுதிப் போட்டுவிட்டு இரண்டு நாள் பூட்டுங்கள். வீட்டில் துக்கம் என்றால் பூட்டத்தானே செய்கிறோம்? வாடிக்கையாளர் அப்போது திரும்பி வராமலா போய்விட்டார்? துக்கத்துக்குப் பூட்டும் கடையைச் சந்தோஷத்துக்கும் இரண்டு நாள் பூட்டலாம்.

கடன் பாக்கி வைத்தவரை நாம் விடுவதில்லை. வீட்டில் நாம் வைத்திருக்கும் பாக்கியை மட்டும் அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளுகிறோம். எனக்குத் தவணை கிடைத்தது, கட்டிவிட்டேன். உங்கள் வீட்டில் ராத்திரி யார் விழித்திருக்கிறார்கள், கையில் என்ன வேலையோடு விழித்திருக்கிறார்கள் என்று இன்றைக்குக் கொஞ்சம் சீக்கிரம் போய்ப் பாருங்கள்.