நான்கு விரல் போன பிறகுதான் ஆட்டமே!

‘புல் குமார்’ என்று தமிழில் எழுதினால் ஏதோ தாவரம் மாதிரி இருக்கிறது. மனிதர் காளை! ராணுவப் பயிற்சிக் காலத்தில் ஒரு குத்துச்சண்டை. எதிரே நின்றவர் தன்னைவிட உயரமான சீனியர். வாங்கிய குத்தையெல்லாம் பொருட்படுத்தாமல் மறுபடி மறுபடி முட்டப் போனார் நரேந்திர குமார். தோற்றுத்தான் போனார். ஆனால், ‘புல்’ என்ற பட்டப்பெயர் கடைசிவரை ஒட்டிக்கொண்டது. ஜெயித்த சீனியர் எஸ்.எஃப்.ரோட்ரிக்ஸ், பின்னாளில் ராணுவத் தலைமைத் தளபதி ஆனார்.

குமார் 1933-ல் ராவல்பிண்டியில் பிறந்தவர். குமாவோன் ரெஜிமென்ட் அதிகாரி. 1961-ல் நீலகண்ட் சிகரம் ஏறப் போனபோது பனி அவரது நான்கு கால்விரல்களைத் தின்றுவிட்டது. செங்குத்தான பனிச்சுவரில் முன்பாதத்தை ஊன்றித்தான் மேலே போக வேண்டும். விரல் இல்லாத காலோடு யார் மலையேறுவார்கள்?

இவர் ஏறினார். 1964-ல் நந்தாதேவி பயணத்துக்குத் தலைவர். 1965-ல் ஒன்பது இந்தியர்கள் எவரெஸ்ட்டைத் தொட்டார்களே, அந்தக் குழுவின் துணைத் தலைவர். 1977-ல், ஜெர்மானியர்கள் இரண்டு முறை முயன்று திரும்பிய வடகிழக்கு முகடு வழியாகத் தன் குழுவைக் கஞ்சன்ஜங்கா உச்சிக்கு அனுப்பிவைத்தார்.

இதெல்லாம் சாகசக் கணக்கு. இவர் பெயர் இன்றும் பேசப்படுவதற்குக் காரணம் ஒரு வரைபடம்.

சிந்து நதியில் படகில் போக ஆசைப்பட்ட ஜெர்மானியர் ஒருவர் அதைக் காட்டினார். அச்சிட்டது அமெரிக்கா. காஷ்மீரில் இரு நாடுகளும் ஒப்புக்கொண்ட கோடு ‘என்.ஜே.9842’ என்ற புள்ளியோடு முடிகிறது. அதற்கு மேலே வெறும் பனி. யார் போய் நிற்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டார்கள். ஆனால், அந்த வரைபடத்தில் கோடு காரகோரம் கணவாய் வரை நீண்டிருந்தது. அதாவது, சுமார் 76 கிலோமீட்டர் நீளமுள்ள சியாச்சின் பனியாறு முழுக்கப் பாகிஸ்தான் பக்கம்!

குமார் அப்போது குல்மார்க்கில் உயர்மலைப் போர்ப் பள்ளியின் தலைமை அதிகாரி. டெல்லியில் மேலதிகாரிகளிடம் விஷயத்தைச் சொல்லி அனுமதி வாங்கினார். 1978-ல் பனியாற்றில் ஏறினார். வழியில் பாகிஸ்தான் லேபிள் ஒட்டிய குப்பைகள் கிடந்தன. ஆக, அந்தப் பக்கத்திலிருந்து ஏற்கெனவே ஆள் நடமாட்டம் இருந்திருக்கிறது. 1981-ல் மறுபடியும் போய், மறுகோடிவரை நடந்து, படங்களும் குறிப்புகளுமாகத் திரும்பினார்.

1984 ஏப்ரல் 13. ‘ஆபரேஷன் மேகதூத்’. ஹெலிகாப்டரில் போய் முதலில் இறங்கிய வீரர்கள் இவருடைய குமாவோன் ரெஜிமென்ட்காரர்கள்தான். பொதுவாக ஜெனரல்களுக்குத் தரும் பரம விசிஷ்ட சேவா பதக்கம் இந்தக் கர்னலுக்குக் கிடைத்தது. கீர்த்தி சக்ராவும் பத்மஸ்ரீயும்கூட உண்டு. ஆனால், கர்னலாகவேதான் ஓய்வு பெற்றார்.

சியாச்சினுக்குக் கொடுக்கும் விலை சின்னதல்ல. அங்கே குண்டைவிடக் குளிரும் பனிச்சரிவும் கொன்றவர்களே அதிகம். 2003-லிருந்து துப்பாக்கிகள் ஓய்ந்துவிட்டன, பனி ஓயவில்லை. 2016 பிப்ரவரியில் 19,000 அடிக்கு மேலிருந்த ஒரு காவல் முகாம்மீது பனிப்பாறை சரிந்து மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பத்து வீரர்கள் இறந்தார்கள். அவர்களில் நான்கு பேர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள்.

புல் குமார் 2020 டிசம்பர் 31 அன்று, 87 வயதில் டெல்லியில் காலமானார். சியாச்சினில் சுமார் 16,000 அடி உயரத்தில் இருக்கும் முகாமுக்கு ‘குமார் பேஸ்’ என்று பெயர். மேலே உள்ள காவல் முகாம்களுக்குப் போகும் வீரர்கள் இன்றும் அதைத் தாண்டித்தான் போகிறார்கள்.